கப்பல் ஏறும் முன் எழுதிவைக்க வேண்டிய தாள்

பிள்ளை ஆறாம் வகுப்பில் படித்தபோது அழுது அடம்பிடித்து வாங்கிய நாய்க்குட்டிக்கு, அந்தப் பிள்ளை வேலை கிடைத்து வேற்றூரில் குடியேறும் நேரத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயது ஆகியிருக்கும். பெற்றோர் பணி ஓய்வு பெறுவதும், கையில் கொஞ்சம் பணம் புரள்வதும், ‘இத்தனை வருஷமாக எங்கே போனோம்’ என்ற ஏக்கம் தலைதூக்குவதும் ஏறத்தாழ அதே சமயத்தில்தான். பிரிட்டனில் சுமார் 5,84,000 நாய்களின் பதிவுகளை அலசி 2024இல் வெளியான ஆய்வு, அவற்றின் இடைநிலை ஆயுள் 12.5 ஆண்டு என்றது. ஆகவே, ஒரு குடும்பத்தின் முதல் பெரிய உல்லாசப் பயணமும் அந்த வீட்டு நாயின் கடைசி ஆண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதில் வியப்பில்லை. நடுத்தரக் குடும்பங்களின் வயதுக் கணக்கே அப்படித்தான் விழுகிறது. சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூனில் சொகுசுக் கப்பல் கிளம்பியது. 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைத் துறைகளுக்கும் போனது. அதுவரை மேலைநாட்டுக் கவலையாக இருந்த இந்த மோதல் இப்போது நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது. முதிய நாயையோ பூனையையோ விட்டுவிட்டுக் கப்பலில் போகலாமா கூடாதா என்றுதான் பொதுவாக வாதம் நடக்கிறது. போகலாம் என்பதே என் கருத்து. ஆனால், நாம் இல்லாத நாட்களில் அதன் உயிர் குறித்த முடிவை யார் எடுக்கலாம், எந்த எல்லைவரை எடுக்கலாம் என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். வாயால் ‘பார்த்துக்கோங்க’ என்று சொல்லிவிட்டுப் போவது போதாது.

கப்பலுக்கென்று தனியாக ஏன் சொல்ல வேண்டும்? காரில் ஊட்டிக்குப் போனவர் நள்ளிரவில் போன் வந்தால் விடிவதற்குள் வீடு திரும்பிவிடலாம். விமானத்தில் சிங்கப்பூர் போனவரும் அடுத்த நாள் வந்துவிடலாம். கப்பல் அப்படித் திரும்பாது. சென்னையிலிருந்து தெற்கே போகும் கப்பலில் நடுவில் ஒரு முழுப் பகல் கடல் மட்டும்தான். கரை கண்ணிலிருந்து மறைந்த கொஞ்ச நேரத்திலேயே கைப்பேசி சிக்னலும் போய்விடும். சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு அட்லாண்டிக்கைக் கடக்கும் குயின் மேரி 2 கப்பலில் ஏழு இரவுகளுக்குத் துறைமுகமே கிடையாது. துறைமுகம் வந்தாலும் இறங்கி ஓடிவிட முடியாது. பயணத்தின் நடுவே கப்பலை விட்டு வெளியேறத் தனி நடைமுறை உண்டு. திருகோணமலையில் இறங்குபவர் சுமார் 260 கிலோமீட்டர் சாலையில் கொழும்பு போய்த்தான் விமானம் பிடிக்க வேண்டும். இதோடு பணமும் சேர்கிறது. கப்பல் டிக்கெட்டைப் பல மாதம் முன்பே வாங்குகிறார்கள்; கிளம்பும் தேதி நெருங்க நெருங்க, ரத்து செய்தால் திரும்பக் கிடைக்கும் தொகை குறைந்துகொண்டே வந்து கடைசியில் ஒன்றுமில்லாமல் போகும். பயணக் காப்பீடுகள் நெருங்கிய உறவினரின் மரணத்தைக் காரணமாக ஏற்கும். நாயின் மரணத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. பிரிட்டனில் சில வளர்ப்புப் பிராணிக் காப்பீடுகளில், பிராணிக்கு அவசர அறுவை சிகிச்சை வந்து விடுமுறைப் பயணத்தை ரத்து செய்ய நேர்ந்தால் அதற்கும் ஈடு உண்டு. அங்கே இந்தச் சிக்கலை வியாபாரமாவது புரிந்துகொண்டிருக்கிறது.

அடுத்து, முதிய பிராணி எப்படிச் சாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். தூக்கத்திலேயே நிம்மதியாகப் போய்விடும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படிப் போவது குறைவு. பிரிட்டனில் ஏறத்தாழ 30,000 நாய்களின் மரணத்தை ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள்; பத்தில் சுமார் ஒன்பது நாய்கள் கருணை ஊசியால் இறந்திருந்தன. அதாவது, ஒருவர் தேதி குறித்து, ஒருவர் சம்மதித்து, ஒருவர் ஊசி போட்டு நடந்த மரணங்கள். நம் ஊரில் அந்த வழக்கம் அவ்வளவு பரவவில்லை. மருத்துவர்களில் பலர் தயங்குகிறார்கள், குடும்பங்கள் இன்னும் அதிகமாகத் தயங்குகின்றன. அதனால் இங்கே யாரும் முடிவெடுப்பதில்லை என்று சொல்லிவிட முடியாது. டிரிப்ஸ் இன்னொரு நாள் ஏற்றலாமா, ஸ்கேனுக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா, அறுவை செய்யலாமா, வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கடைசி வாரத்தில் தினம் ஒரு முடிவு வந்து நிற்கும். ஊசி வேண்டாம் என்ற குடும்பமும் இவற்றிலிருந்து தப்பாது. அதற்கு மாறாக, வலி நீளும் என்பதால் அவர்கள் எடுக்க வேண்டிய முடிவுகளின் எண்ணிக்கை கூடத்தான் செய்யும்.

நம் வீடுகளில் மிகுதியாக வளரும் பொமரேனியன் வகைச் சிறு நாய்களுக்கு முதுமையில் இதய வால்வு கசிவது சகஜம். இரவில் இருமல், பிறகு நீர் மாத்திரை, அதைத் தயிர்ச்சோற்று உருண்டையில் பொதிந்து கொடுக்கும் தினசரி சாமர்த்தியம். இத்தகைய நாய்களுக்கு மருத்துவர்கள் ஓர் எளிய கணக்கைச் சொல்லித்தருவார்கள். ஆழ்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். முப்பதுக்குள் இருக்க வேண்டும். தாண்டி ஏறிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருக்கலாம், சில மணி நேரத்துக்குள் செயல்பட்டாக வேண்டும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய நாய்களுக்கு மண்ணீரலில் சத்தமில்லாமல் வளரும் கட்டி ஒன்று உண்டு. முந்தின மாலைவரை வாலாட்டிய நாய் காலையில் எழ முடியாமல் கிடக்கும். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெள்ளைத்தாள்போல் வெளுத்திருக்கும். கட்டி வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டுகிறது என்று பொருள். உடனே அறுவை, அல்லது வலியின்றி முடித்துவைப்பது, இரண்டில் ஒன்றை அன்றைக்கே தேர்ந்தாக வேண்டும். அது புற்றாக இருந்தால் அறுவை செய்தாலும் பெரும்பாலும் சில மாதங்களே மிச்சம். பூனையோ வேறு ரகம். எசமானரைக் காணாத ஏக்கத்திலோ சிறுநீரகக் கோளாறிலோ சில நாள் தட்டைத் தொடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து அடுத்த ஆபத்து தொடங்கிவிடும். இவற்றில் எதற்கும் ‘அவங்க வர்ற ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பார்ப்போம்’ என்ற பதில் உதவாது.

அந்தக் காலையில் நாயின் பக்கத்தில் இருப்பது யார்? இந்தக் கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. வெளிநாட்டில் இதற்கென்று சம்பளம் வாங்கும் ஆட்கள் வீட்டிலேயே வந்து தங்குவார்கள். நம் வீடுகளில் சாவி யாரிடம் போகிறது என்று பாருங்கள்: வீட்டு வேலைக்கு வரும் அம்மா, அடுக்ககத்து வாட்ச்மேன், எதிர்வீட்டு மாமி, சில வீடுகளில் எழுபத்தைந்து வயது மாமியார். காலையும் மாலையும் சோறு வைத்து, வெளியே கூட்டிக்கொண்டு போய் வர அவர்களால் முடியும். ஆனால், நாற்பதாயிரம் ரூபாய் செலவாகும் அறுவைக்கு வேலைக்கார அம்மா எந்தத் துணிச்சலில் சரி என்பார்? வேண்டாம் என்று சொல்லி நாய் இறந்துபோனால், பத்து நாள் கழித்துப் பெட்டியோடு வந்து இறங்கும் வீட்டம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பார்? ‘உங்ககிட்ட நம்பித்தானே விட்டுட்டுப் போனோம்’ என்ற ஒரு வரி போதும், அவர் வேலையை விட்டுப் போவதற்கு. ஊசி போடச் சம்மதித்தால் கொன்றதாகப் பேர். சம்மதிக்காமல் நாய் மூன்று நாள் இழுத்துக்கொண்டு கிடந்தால் அதைக் கண்ணால் பார்க்கும் தண்டனை. அதிகாரம் எதுவும் இல்லாத ஒருவர் தலையில் முழுப் பொறுப்பையும் ஏற்றிவைத்துவிட்டு, அதற்கு நம்பிக்கை என்று பெயர் சூட்டுகிறோம். நாய் மீது நமக்குள்ள பாசத்தைச் சந்தேகிக்க இதில் ஒன்றுமில்லை. சக மனிதரிடம் காட்ட வேண்டிய நியாயத்தில்தான் ஓட்டை விழுகிறது.

அந்தத் தாளில் அப்படி என்ன இருக்க வேண்டும்? ஒரு பக்கத்துக்கு மேல் தேவையில்லை. வழக்கமாகப் பார்க்கும் கால்நடை மருத்துவரின் பெயரும் எண்ணும், அவர் இல்லாத இரவில் எங்கே கொண்டுபோவது என்பதும் முதலில். நாய்க்கு என்ன நோய், என்ன மாத்திரை, எதற்கு ஒவ்வாமை என்பது அடுத்து. பிறகுதான் முக்கியமான பகுதி. முடிவெடுக்கும் உரிமை இன்னாருக்கு என்று ஒரே ஒருவரின் பெயர். அவர் ஊரிலேயே இருப்பவராக, வேண்டாம் என்றும் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். வேலைக்கார அம்மாவின் கடமை அவருக்குப் போன் செய்வதோடு முடிந்துவிடும். செலவுக்கு ஓர் உச்சவரம்பு, அதற்கான பணத்தைக் கையிலோ கணக்கிலோ முன்பே கொடுத்துவிடுதல். மீள வழியில்லை என்று மருத்துவர் சொன்னால் வலியின்றி முடித்துவைக்கச் சம்மதமா இல்லையா. இல்லை என்றால் வலிக்கு எந்த மருந்து வரைக்கும் போகலாம். இறந்தால் அடக்கமா, எரியூட்டலா, எங்கே என்பது கடைசி. எரிச்சலூட்டும் அளவுக்கு நடைமுறை விவரமாகத் தோன்றும் இந்தக் கடைசி வரியில்தான் அடுக்கக வாசிகள் அதிகம் தடுமாறுகிறார்கள். குழி தோண்டத் தோட்டம் கிடையாது. ஊரில் எங்கே எரிப்பார்கள் என்று அந்த நேரத்தில் தேடத் தொடங்குபவருக்கு வெயில் ஏற ஏறப் பதற்றம்தான் மிஞ்சும். ‘மீள வழியில்லை’ என்பதை எப்படி அளப்பது என்றால், அதற்கும் ஓர் உதவி இருக்கிறது. அமெரிக்கப் புற்றுநோய்க் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த அளவுகோல் வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுந்திருப்பது என்ற ஏழுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடச் சொல்கிறது. மொத்தம் 35க்கு மேல் இருந்தால் தொடர்ந்து பராமரிக்கலாம் என்கிறது. எந்த அளவுகோலும் மருத்துவரின் கண்ணுக்கு ஈடாகாது. ஆனால், ஊரில் இருப்பவரும் கப்பலில் இருப்பவரும் ஒரே அளவையில் பேசிக்கொள்ள அது உதவும்.

‘கிளம்பும்போது சாவுப் பேச்சா?’ என்று வீட்டுப் பெரியவர்கள் வாயை அடைப்பார்கள். இந்த எதிர்ப்பை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மங்கலமான காரியத்துக்கு முன் அமங்கலம் பேசக் கூடாது என்பதில் ஒரு மன அமைதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால், எல்ஐசி படிவத்தில் வாரிசுப் பெயரை நிரப்பும்போது அதே பெரியவர்கள் சகுனம் பார்ப்பதில்லை. நாட்டின் உச்ச நீதிமன்றமே 2018இல், தன் உயிர்காப்புச் சிகிச்சையை எந்தக் கட்டத்தில் நிறுத்தலாம் என்று ஒரு மனிதர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என ஏற்றது. அந்த நடைமுறை சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரியில் அதை எளிதாக்கியும் கொடுத்தது. மனிதர் விஷயத்திலேயே முன்கூட்டி எழுதிவைப்பது சரி என்றால், தன் விருப்பத்தை எந்தக் காலத்திலும் சொல்லவே முடியாத ஒரு பிராணியின் விஷயத்தில் அது இன்னும் அவசியம். சகுனம்தான் தடை என்றால் டிக்கெட் வாங்கிய வாரத்திலேயே எழுதி முடித்துவிடலாம், கிளம்பும் நாள்வரை வைத்திருப்பானேன்.

இன்னொரு தரப்பு நேர் எதிரான கோணத்திலிருந்து வருகிறது. பதின்மூன்று வருஷம் வாசலில் காத்துக் கிடந்த ஜீவனைக் கடைசிக் காலத்தில் விட்டுவிட்டு உல்லாசம் என்ன வேண்டிக்கிடக்கிறது, பயணத்தையே தள்ளிப்போடு என்பது அவர்களின் வாதம். மருத்துவர் நாட்களையோ ஓரிரு வாரத்தையோ சொல்லிவிட்ட நிலையில் அது மறுக்க முடியாத வாதம். டிக்கெட் பணம் போனால் போகிறது என்று இருந்துவிட வேண்டியதுதான். ஆனால், பெரும்பாலான முதிய பிராணிகள் அந்த நிலையில் இல்லை. சிறுநீரகம் பழுதான பூனை நல்ல பராமரிப்பில் இரண்டு, மூன்று ஆண்டு ஓட்டிவிடும். கடைசிக் காலம் என்பது எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாதபோது, தள்ளிப்போடு என்பது எத்தனை ஆண்டுக்கு? அறுபத்தைந்து வயதுக்காரரின் முழங்காலுக்கும் ஒரு கெடு இருக்கிறது. அமெரிக்காவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி பெத் ஸ்பிட்ஸ்நாகலும் சகாக்களும் 238 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், கடும் நோயுள்ள பிராணியைப் பராமரிப்பவர்களிடம் மன அழுத்தமும் பதற்றமும் சோர்வும் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே காணப்பட்டன. இது அனுபவசாலிகளுக்குத் தெரிந்த சங்கதிதான். டைல்ஸ் தரையில் பின்னங்கால் வழுக்காமல் இருக்க வீடு முழுக்கப் பழைய பாயும் சாக்கும் விரித்து, நடு இரவில் இரண்டு தடவை எழுந்து மூத்திரம் துடைப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணுக்கு வருஷத்தில் ஒரு வாரம் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார உரிமை இல்லை என்று சொல்பவர், அந்த வருஷத்தில் எத்தனை இரவு எழுந்தார் என்று கேட்டுத்தான் அவர் பேச்சை எடை போட வேண்டும்.

கூடவே கூட்டிக்கொண்டு போகலாமே என்பவர்களுக்கு விடை சுருக்கமானது. உதவி நாய்கள் தவிர வேறு பிராணிகளைப் பெரிய உல்லாசக் கப்பல்கள் ஏற்றுவதில்லை. முறையான நாய்க் கொட்டடியோடு கடல் கடக்கும் கப்பல் என்று பெயர் வாங்கியது குயின் மேரி 2 ஒன்றுதான். அதிலும் இருப்பவை 24 கூண்டுகள். அட்லாண்டிக் பயணத்துக்கு மட்டும் என்பதால் முன்பதிவுக்கு நீண்ட வரிசை. நாய்கள் உலாவும் மேல்தளத்தில் பிரிட்டிஷ் நாய்க்கு ஒரு விளக்குக் கம்பமும் அமெரிக்க நாய்க்கு ஒரு தீயணைப்புக் குழாயும் நட்டுவைத்திருக்கிறார்கள், ரசனையான ஏற்பாடு. ஆனால், எசமானரின் அறைக்கு நாய் வர முடியாது, குறித்த நேரங்களில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். கண் மங்கி, காது மந்தமாகி, மாலை மங்கினாலே இடம் தெரியாமல் வீட்டுக்குள் சுற்றிச்சுற்றி வரும் முதிய நாயை ஆடும் கப்பலின் கூண்டில் ஏழு இரவு வைப்பது யாருடைய நிம்மதிக்காக? ஊரில் நாய்களைத் தங்கவைக்கும் போர்டிங்குக்கும் இதே கேள்வி பொருந்தும். இளம் நாய்க்கு அது சுற்றுலா. மூளை தளர்ந்த கிழ நாய்க்குத் தெரிந்த மூலையும் தெரிந்த தட்டும்தான் பிடிமானம். அதை வீட்டில் விட்டு, ஆளை வீட்டுக்கு வரவழைப்பதே மேல்.

கப்பலில்தான் இப்போது இணையம் இருக்கிறதே, வாட்ஸ்அப்பில் பார்த்து அங்கிருந்தே முடிவு சொல்லிவிடலாமே என்பார்கள். உண்மைதான், பெரிய கப்பல் நிறுவனங்கள் 2022க்குப் பிறகு ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணைப்பைப் பொருத்தி வருகின்றன, வேகமும் கூடியிருக்கிறது. இந்த வசதி வந்ததால்தான் எழுதிவைக்கும் தேவை கூடியிருக்கிறது என்பேன். வீடியோவில் தெரிவது நடுங்கும் கையில் பிடித்த போன் காட்டும் அரைகுறைக் காட்சி. மருத்துவர் ஈறை அழுத்திப் பார்க்கிறார், வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார். திரையில் இருப்பவருக்கு நாயின் கண் மட்டும்தான் தெரிகிறது. அந்தக் கண்ணைப் பார்த்து யார் சம்மதம் சொல்வார்கள்? ‘நான் வர்ற வரைக்கும் எப்படியாவது வச்சிருங்க’ என்றுதான் வாய் சொல்லும். அதன் விலையை நான்கு நாள் ஆக்சிஜன் கூண்டில் கிடந்து கொடுக்கப்போவது அந்தப் பிராணி. மருத்துவருக்கும் இது சங்கடம். முன்னால் கிடக்கும் நோயாளிக்கு எது நல்லது என்று தெரிந்தும், தொலைவில் அழுபவரின் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கிறது. தெளிந்த மனதோடு, நாய் காலடியில் படுத்திருக்கும் ஒரு சாதாரண மாலையில் எழுதிய நான்கு வரிக்கு, கப்பல் தளத்தில் நின்று பதறிச் சொல்லும் சொல்லைவிட மதிப்பு அதிகம்.

சொல்வதா, மறைப்பதா என்பது தாளில் இருக்க வேண்டிய இன்னொரு வரி. பயணத்தில் இருப்பவருக்குச் சாவுச் செய்தி சொல்லக் கூடாது, வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்பது நம் வீடுகளின் பழைய கருணை. மனிதர் சாவிலேயே அப்படிச் செய்தவர்கள் நாய்க்குச் செய்ய மாட்டார்களா? ஆனால், மறைப்பதற்குத் தினமும் ஒரு பொய் வேண்டும். ‘தூங்குது, அப்புறம் காட்டுறேன்’ என்று மூன்றாம் நாளும் சொல்லும்போது கேட்பவருக்குப் புரிந்துவிடும். மிச்சப் பயணம் சந்தேகத்தில் கழியும். வீடு திரும்பியதும் கேட்டின் உள்ளே எந்த ஓசையும் இல்லாத அந்த நொடியில் தெரிந்துகொள்வதைவிட, கடலில் இருக்கும்போதே தெரிந்து, கூடவந்த துணையோடு அழுதுவிட்டு வருவது பலருக்கு நல்லது. சிலருக்கு நேர்மாறாகவும் இருக்கலாம். எது வேண்டும் என்பதை அவரவர்தான் சொல்ல வேண்டும், அதுவும் முன்பே. அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா 1989இல் எழுதியதுபோல, சமூகம் துக்கமாக ஒப்புக்கொள்ளாத துக்கங்கள் உண்டு. வளர்ப்புப் பிராணியின் இழப்பு அவற்றில் முதன்மையானது. அதற்கு எட்டாம் நாள் இல்லை, பதினாறாம் நாள் இல்லை, ஆபீஸில் லீவு இல்லை. பிரிட்டனின் புளூ கிராஸ் அமைப்பு 1994 முதல் இந்தத் துக்கத்தில் இருப்பவர்களுக்கென்றே ஆறுதல் சேவை நடத்துகிறது. சொகுசுக் கப்பலில் இருந்தபோது நாய் இறந்தது என்றால் அந்தத் துக்கத்தில் வெட்கமும் கலந்துவிடுகிறது. ‘நீங்க ஜாலியா சுத்திட்டு இருந்தீங்க’ என்று யாரும் சொல்லாவிட்டாலும் காதில் விழும். உடன் இருக்க முடியவில்லை என்பதை எந்தத் தாளும் மாற்றாது. அதன் கடைசி நாள் எப்படி இருக்க வேண்டும் என்பதில் தன் சொல்லும் இருந்தது என்பதை மட்டும் அது தரும்.

கருணை ஊசியே பாவம் என்று நம்புபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். சமண, பௌத்த, காந்திய மரபுகளிலெல்லாம் இதைப் பற்றி நீண்ட வாதம் நடந்திருக்கிறது. சபர்மதி ஆசிரமத்தில் மீள முடியாத வேதனையில் கிடந்த கன்றுக்குட்டிக்கு ஊசி போட காந்தி 1928இல் சம்மதித்ததும் அவருக்கு வந்த கண்டனக் கடிதங்கள் கொஞ்சநஞ்சமல்ல. அந்த வாதத்தை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. ஊசி கூடாது என்று நம்புபவருக்குத்தான் இந்தத் தாள் அதிகம் தேவை. இல்லாவிட்டால் அவர் இல்லாத நேரத்தில், அந்த நம்பிக்கை தெரியாத ஒருவர் நல்லெண்ணத்தோடு சம்மதித்துவிடலாம். சட்டம் கைகொடுக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், உரிமையாளர் இல்லாத நேரத்தில் மீள முடியாத நிலையில் கிடக்கும் பிராணியைப் பற்றி யோசிக்காமல் இல்லை. அதன்படி, கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட போலீஸ் அதிகாரி வர வேண்டும், அரசுக் கால்நடை மருத்துவர் சான்றளிக்க வேண்டும், மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வாங்க வேண்டும். நடுச்சாலையில் கால் முறிந்து விழுந்த வண்டி மாட்டை மனதில் வைத்து எழுதிய விதி அது. மூன்றாம் மாடியில் மூச்சுத் திணறும் பொமரேனியனுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அதே சட்டத்தில், பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிட்டுப் போவதற்கு முதல்முறை அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய்வரைதான் என்பதையும் பார்த்தால், உரிமையாளரின் பொறுப்பை அது எவ்வளவு லேசாக எடைபோடுகிறது என்று புரியும்.

‘மனிதருக்கே கதியில்லாத நாட்டில் நாய்க்கு உயிலா’ என்ற கேலியும் வரும். ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் இதற்கு ஆகும் செலவு. கப்பலில் பால்கனி வைத்த அறைக்குக் கூடுதல் பணம் கட்ட முடிந்தவர்களைப் பார்த்துச் சொல்லும் யோசனை இது. ஏழைகளின் பங்கிலிருந்து எதையும் எடுக்கவில்லை. சொல்லப்போனால், அந்த வீட்டில் வேலை செய்யும் ஏழைப் பெண்ணுக்குத்தான் இதில் பாதுகாப்பு.

இதை எல்லோரும் தாமாகவே செய்துவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்டால்தான் எழுதுவார்கள். நாயை விட்டுவிட்டுப் போகும் போர்டிங் இடங்கள் பலவற்றில் ஒரு படிவம் நீட்டுவார்கள். தடுப்பூசி தேதியும், அவசரச் செலவு உரிமையாளருடையது என்ற வரியும் அதில் இருக்கும். எந்தக் கட்டத்தில் சிகிச்சையை நிறுத்தலாம், யாரைக் கேட்டு நிறுத்தலாம் என்ற வரி பெரும்பாலும் இருப்பதில்லை. ஆண்டுத் தடுப்பூசிக்கு வரும் பத்து வயது தாண்டிய பிராணி ஒவ்வொன்றுக்கும் இந்த ஒரு பக்கத்தைத் தமிழில் அச்சடித்து மருத்துவமனைகள் கொடுக்கலாம். கால்நடை மருத்துவர் சங்கங்கள் ஒரு மாதிரிப் படிவத்தை வகுத்துத் தந்தால், சம்மதம் இருந்ததா என்ற தகராறிலிருந்து மருத்துவர்களும் தப்பிக்கலாம். படிவத்தின் தலையில் தேதிக்கு ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். ஓராண்டில் முதிய நாயின் உடல் வெகுவாக மாறிவிடும். இதயம் நன்றாக இருந்தபோது ‘என்ன செலவானாலும் அறுவை செய்யுங்கள்’ என்று எழுதியதை, அது மாடிப்படி ஏற முடியாமல் நிற்கும் பருவத்தில் எடுத்து நீட்டக் கூடாது. அடுத்த பயணத்துக்குப் புதுத் தாள் எழுத வேண்டும், மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு.